கதவுக்கு ஒன்று, இயக்குநருக்கு இரண்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோபம் சட்டென்று வரும். ஆனால் அதை அலுவலகத்தில் காட்டத் துப்பில்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்பது என் மனைவியின் குற்றச்சாட்டு. மறுக்க முடியாது. அலுவலகத்தில் நான் ஒப்பந்த ஆள். வருடத்துக்கு ஒருமுறை இயக்குநர் ஒரு கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருடம் வாசலுக்குள் காலை வைக்கலாம். அங்கே எனக்குப் பெயர் 'ஒயர்'. ஒயர் வந்துச்சா, ஒயர் சாப்பிடப் போயிருக்கு என்று எட்டு வருடமாகப் பேசிக்கொள்கிறார்கள். கம்ப்யூட்டர்களுக்கு இடையே ஓடும் கம்பிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதில் ஒரு கம்பியாக என்னையும் சேர்த்துவிட்டார்கள்.

எங்களுடையது சான்றுத் திருத்த இயக்ககம். மற்ற அலுவலகங்கள் செய்த தப்பைத் திருத்துவதற்கென்றே தனியாக ஏற்படுத்தியது. பிறந்த தேதி மாறிப்போனது, அப்பா பெயர் இருக்கவேண்டிய இடத்தில் அம்மா பெயர் வந்தது, உயிரோடு இருப்பவரை இறந்தவர் என்று எழுதியது, எல்லாம் எங்களிடம்தான் வரும். இறந்ததாக எழுதப்பட்டவர் நேரில் வந்து, தான் இறக்கவில்லை என்று எழுதித் தர வேண்டும். கூடவே இரண்டு சாட்சி. சாட்சிகள் அவரைச் சாவதற்கு முன்பிருந்தே தெரிந்தவர்களாக இருக்க வேண்டும் என்று படிவத்தில் இருக்கிறது.

ஒரு திங்கட்கிழமை காலை, தரைத்தளத்துக் கவுண்டரில் உட்காரும் அக்கா என்னைக் கூப்பிட்டுவிட்டார். மூன்று கவுண்டரில் இருக்கும் மூன்று கம்ப்யூட்டரும் படுத்துவிட்டன என்றார். நான் போனபோது வரிசை வாசலைத் தாண்டித் தெருவில் நின்றது. வரிசையின் தலையில் ஒரு தையல்காரர். காதில் சுண்ணாம்புப் பென்சில், கழுத்தில் அளவெடுக்கும் நாடா. கடையிலிருந்து அப்படியே எழுந்து வந்தவர் அதைக் கழற்ற மறந்திருந்தார். பக்கத்தில் அவர் மகள், ஒரு பிளாஸ்டிக் உறையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

அந்தப் பெண்ணின் பிறப்புச் சான்றில் 'ஆண்' என்று போட்டிருந்தது. பதினெட்டு வருடமாக யார் கண்ணிலும் படவில்லை. இப்போது வெளியூரில் செவிலியர் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. சான்றைப் பார்த்த விடுதிக் காப்பாளர் அம்மா, பெண்கள் விடுதியில் ஆண்பிள்ளையைச் சேர்க்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். எதிரே பெண் நிற்கிறாள், காகிதத்தில் ஆண் இருக்கிறான், அவர் காகிதத்தை நம்பினார். வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் திருத்திய சான்றைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் பட்டியலில் அடுத்திருப்பவருக்குப் போய்விடும். அதைப் பிடிக்க வேண்டுமானால் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி பஸ்ஸில் ஏற வேண்டும்.

அவர்களுடைய கோப்பு எல்லாம் சரியாக இருந்தது. மேலிருந்து ஒப்புதலும் வந்துவிட்டது. கவுண்டர் அக்கா ஒரு சொல்லை மாற்றி அச்செடுத்துக் கையில் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. இரண்டு நிமிடம் ஆகும்.

என்ன ஆயிற்று என்று பார்த்தேன். பார்த்ததும் எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. இதற்குக் காரணம் இயக்குநரின் முதுகுவலி.

முந்தின வாரம் இயக்குநர், கடுமையான முதுகுவலி, இரண்டு வாரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று மேலிடத்துக்கு ஒரு விடுப்புக் கடிதம் தயார் செய்தார். அதோடு சேர்த்து, மலைப்பிரதேச விடுதி ஒன்றில் குதிரைச் சவாரிக்கு முன்பதிவு செய்த ரசீதையும் அச்செடுத்தார். அவருடைய அறை தரைத்தளத்தில் இருக்கிறது. காகிதங்கள் தவறிப்போய் இரண்டாம் மாடி அச்சுப்பெட்டியில் வந்து விழுந்தன. இரண்டாம் மாடி முழுவதும் வாய்விட்டுப் படித்தது. இயக்குநர் விடுப்பைக் கைவிட்டு, அன்றே ஓர் உத்தரவு போட்டார். ஒரு மாடியின் கம்ப்யூட்டர் இன்னொரு மாடியோடு பேசக் கூடாது, மாடிக்கு மாடி தனித்தனியாகப் பிரித்துவிட வேண்டும். சனிக்கிழமை பிரித்துவிட்டார்கள்.

இங்கே ஒரு சின்ன விஷயம் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரைப் போட்டதும் அதற்கு ஒரு நம்பர் வேண்டும். நம்பர் இல்லாமல் அது யாரோடும் பேச முடியாது. அதனால் கண் விழித்ததும், 'யாராவது இருக்கீங்களா, எனக்கு ஒரு நம்பர் குடுங்க' என்று கத்தும். நம்பர் கொடுக்கிற மெஷின் எங்கள் மூன்றாம் மாடியில் இருக்கிறது. முன்பு கீழே கத்தினால் மேலே கேட்கும். இப்போது நடுவில் சுவர். தரைத்தளத்துக் கம்ப்யூட்டர்கள் தரைத்தளத்துக்குள்ளேயே கத்திவிட்டு ஓய்ந்து போயின. அந்தச் சத்தத்தைச் சுவருக்கு அந்தப்பக்கம் எடுத்துச் சொல்ல ஓர் ஆளை வைக்க வேண்டும். அதாவது, இரண்டாம் மாடியில் இருக்கிற ஒரு பெட்டிக்குள் ஒரே ஒரு வரி எழுத வேண்டும். எழுத எனக்கு நாற்பது வினாடி போதும். அந்தப் பெட்டியைத் தொட எனக்கு அனுமதி கிடையாது.

இதையெல்லாம் தையல்காரரிடம் விளக்கினேன். அவர் திருதிருவென்று விழித்துவிட்டு, தணிந்த குரலில் கேட்டார்.

"தம்பி, அந்த நம்பர் எந்தக் கடையில கிடைக்கும்னு சொல்லுங்க. நான் போய் வாங்கிட்டு வந்துர்றேன்."

எங்கள் அலுவலகத்தில் யாருக்குமே தோன்றாத அளவுக்கு நேரான வழி அது.

புகார் கொடுக்கலாம் என்று கவுண்டர் அக்காவிடம் சொன்னேன். கம்ப்யூட்டர் பழுதுக்கான புகாரைக் கம்ப்யூட்டர் வழியாகத்தான் பதிய வேண்டும். அதுவும் எந்த மெஷின் பழுதோ அந்த மெஷினிலிருந்துதான். வேறு மெஷினிலிருந்து போட்டால், 'இந்த மெஷின் நன்றாக இயங்குகிறது, பொய்ப் புகார் தண்டனைக்குரியது' என்று திரையில் சிவப்பாக வரும். ஆகவே நேரில் போய்ச் சொல்லிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

நேரில் போவதிலும் ஒரு சங்கடம் இருந்தது. மூன்றாம் மாடியில் நம்பர் கொடுக்கும் பிரிவின் தலைவரும், இரண்டாம் மாடியில் அந்தப் பெட்டியை வைத்திருக்கும் பிரிவின் தலைவரும் சகலைகள். அக்காவைக் கட்டியவர் மேலே, தங்கையைக் கட்டியவர் கீழே. குடும்பப் படம் எடுக்கும்போது நடுவில் யார் நிற்பது என்று பதினோரு வருடத்துக்கு முன்னால் வந்த தகராறில் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. அதிலிருந்து மேல்மாடிக்கும் கீழ்மாடிக்கும் நடுவே எல்லாம் கடிதம்தான். கடிதத்தில் ஒருவரை ஒருவர் 'அன்னார்' என்று குறிப்பிட்டுக்கொள்வார்கள்.

செவ்வாய்க்கிழமை பெரிய சகலையைக் கையோடு கீழே அழைத்துவந்தேன். இரண்டு உதவியாளர்கள் பின்னால் வர, அவர் கவுண்டர் மெஷினைச் சுற்றி ஒரு நடை நடந்தார். தன் மெஷினில் இருநூற்று நாற்பது நம்பர் இருப்பு இருப்பதாகவும், இரண்டு நாளாகக் கேட்பார் இல்லாமல் கிடப்பதாகவும் வருத்தப்பட்டார். பிறகு திரையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"நம்பர் இருக்கே. நூத்தி அறுபத்தொம்பதுன்னு ஆரம்பிக்குது பாரு."

கத்திக் கத்தி யாரும் பதில் சொல்லாவிட்டால், கம்ப்யூட்டர் வேறு வழியில்லாமல் தனக்குத்தானே ஒரு நம்பரை வைத்துக்கொள்ளும். அது ஒப்புக்குச் சப்பாணி. அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இதைப் பணிவாகச் சொன்னேன்.

"அப்ப யாரையும் எதிர்பார்க்காம தானே முயற்சி பண்ணியிருக்கு. இத பாராட்டணும்யா, குறை சொல்லக் கூடாது," என்றார் பெரிய சகலை. பயனாளியிடம் ஏற்கெனவே நம்பர் உள்ளது, புகார் முடித்துவைக்கப்பட்டது என்று உதவியாளரை எழுதச் சொன்னார். பதிவே ஆகாத புகார் அது. அதையும் முடித்துவைத்தார்கள்.

மத்தியானம் சின்ன சகலையைப் பார்க்க இரண்டாம் மாடிக்குப் போனேன். அவருடைய மாடியில் இருபது கம்ப்யூட்டருக்கும் நம்பரைக் கையாலேயே எழுதிவைத்திருந்தார், சகலையிடம் போய்க் கை நீட்டக் கூடாது என்பதற்காக. நான் சொன்னதை முழுவதும் கேட்டார். ஒரு வரிதான் சார், நாற்பது வினாடி என்றேன். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இந்தக் கட்டிடத்துல முன்னாடி எவ்வளவு கூச்சல் தெரியுமா? காலையில ஒன்பது மணியானா ஒவ்வொரு மெஷினும் நம்பர் குடு நம்பர் குடுன்னு கத்தும். நான்தான் நிறுத்தினேன். இப்ப எவ்வளவு அமைதியா இருக்கு பாரு. வேலை நடக்கலைன்னு சொல்றே, சரி. ஆனா ஒழுங்கு இருக்குல்ல?"

இருக்கிறது சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். படிக்கட்டில் இறங்கும்போது என் பல்லை நானே நறநறவென்று கடிப்பது காதில் விழுந்தது.

கீழே தையல்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சும்மா இருக்கப் பிடிக்காமல் வரிசையில் நின்ற ஒருவருடைய சட்டைப் பொத்தானைத் தைத்துக்கொண்டிருந்தார். அவர் மகள்தான் என்னைப் பார்த்ததும் எழுந்தாள். என்ன அண்ணா ஆச்சு என்று கேட்டாள். நாளைக்கு ஆகிவிடும் என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை.

புதன்கிழமை எனக்கு ஒரு யோசனை வந்தது. சத்தம் மேலே போகவில்லை என்றால் மெஷினையே மேலே தூக்கிக்கொண்டு போனால் என்ன? கவுண்டர் அக்கா சரி என்றார். நானும் தையல்காரரும் மெஷினைத் தூக்கினோம், மகள் விசைப்பலகையை எடுத்துக்கொண்டாள், மூன்று மாடி ஏறினோம். லிஃப்ட் அதிகாரிகளுக்கு மட்டும். மேலே கம்பியைச் செருகிய மறுநொடி நம்பர் கிடைத்துவிட்டது. தையல்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். பெரிய சகலை, என் சரக்கில் குறையே கிடையாது என்று நெஞ்சை நிமிர்த்தினார். ஆனால் திருத்தம் செய்யும் பக்கத்தைத் திறந்தால், 'இந்த மாடியிலிருந்து திருத்த அனுமதி இல்லை' என்று வந்தது. தரைத்தள நம்பருக்கு மட்டும்தான் அது திறக்குமாம். எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அவசரத்தில் மறந்துபோனேன். அந்த மூன்று மாடியும் அவரைத் தூக்கவைத்தது என் தப்புதான்.

திரும்பி இறங்கும்போது மூன்றாம் மாடிக் காவலர் மறித்தார். மெஷினை மேலே ஏற்றியதற்குச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றோம். மேலே ஏறியதாகக் கணக்கே இல்லாத பொருளைக் கீழே இறக்க விட முடியாது என்றார். கவுண்டர் அக்கா மூச்சிரைக்க மேலேறி வந்து, அந்தக் காவலரின் அம்மாவுக்குப் பெயர் திருத்தியபோது தான் செய்த உதவியை எல்லார் முன்னாலும் ஞாபகப்படுத்திய பிறகுதான் வழி கிடைத்தது.

நடந்ததைக் கேள்விப்பட்டு இயக்குநரே தலையிட்டார். தரைத்தள மெஷின்களுக்கு நம்பரைக் கையாலேயே எழுதிவிடலாம், அதற்கு ஒரு நம்பர் ஒதுக்கீட்டுக் கமிட்டி போடலாம் என்றார். முதல் நாளே நானே எழுதியிருப்பேன். ஆனால் அந்த மெஷின்களில் நம்பரை மாற்றுவதற்கான கடவுச்சொல் பெரிய சகலையிடம் இருந்தது. கையால் எழுதுவது சின்ன சகலையின் வழி என்பதால் அவர் தர மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். இயக்குநர் சொன்னதும் தந்தார்.

கமிட்டி வியாழக்கிழமை காலை கூடியது. இயக்குநர் நடுவில், சகலைகள் ஆளுக்கொரு கோடியில், தேநீர் ஊற்ற ஒருவர், குறிப்பெடுக்க ஒருவர், நின்றுகொள்ள நான். நம்பர்களைப் பணிமூப்புப்படி ஒதுக்குவது என்று முதல் தீர்மானம் நிறைவேறியது. இயக்குநருக்கு ஒன்று, கவுண்டர்களுக்கு அதற்கு அப்புறம்.

நான் குறுக்கிட்டேன். ஒன்றாம் எண் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது, அது கதவுடைய நம்பர் என்றேன். தரைத்தளத்திலிருந்து எந்த மெஷின் வெளியே போக வேண்டுமானாலும் இரண்டாம் மாடிப் பெட்டி வழியாகத்தான் போகும். அந்தக் கதவைத் தேடி எல்லா மெஷினும் ஒன்றாம் எண்ணுக்குத்தான் போய் நிற்கும். அதனால் கதவுக்கு ஒன்று, இயக்குநருக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டால் நல்லது என்றேன்.

 இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தக் கதவு எப்ப வேலையில சேர்ந்துச்சு?"

சின்ன சகலை பதிவேட்டைப் புரட்டி, ஆறு வருடத்துக்கு முன்னால் வாங்கியது என்றார்.

"எனக்கு முப்பத்தோரு வருஷம் சர்வீஸ். நேத்து வந்த பெட்டிக்குப் பின்னாடி என்னை நிக்கச் சொல்றே. நாளைக்கு அந்த நாற்காலியும் ஒரு நம்பர் கேக்கும், குடுத்துரலாமா?"

கதவின் நம்பரை மாற்றலாமா என்று பேச்சு வந்தது. சின்ன சகலை, அன்னாருடைய எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் என் பெட்டியின் நம்பரை மாற்ற மாட்டேன் என்றார். பெரிய சகலை, அன்னார் எழுத்துபூர்வமாகக் கேட்டால்தான் ஒப்புதல் தருவேன் என்றார். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒன்றாம் எண் இயக்குநருக்கே. கதவு அதே ஒன்றாம் எண்ணைக் கூடுதல் பொறுப்பாக வகிக்கும். இதைக் குறிப்பேட்டில் அப்படியே எழுதினார்கள், நான் என் கண்ணால் பார்த்தேன்.

மத்தியானம் இயக்குநரின் கம்ப்யூட்டரைப் போட்டார்கள். விருந்தினர் வந்தாலோ சொந்த வேலை இருந்தாலோ மட்டும் போடுகிற மெஷின் அது, திரையில் அருவிப் படம் ஓடும். ஒன்றாம் எண் அதற்கு எழுதப்பட்டது. கவுண்டர் அக்கா தையல்காரர் மகளின் கோப்பைத் திறக்கச் சொல்லிப் பொத்தானை அழுத்தினார். வேண்டுகோள் கதவைத் தேடிப் போனது, ஒன்றாம் எண்ணைக் கண்டது, இயக்குநரின் மெஷினுக்குள் நுழைந்தது. அங்கேயே தங்கிவிட்டது. மூன்று கவுண்டரிலிருந்தும் போன எல்லாமே அங்கே போய்த் தங்கின. ஒன்றுகூட வெளியே வரவில்லை.

"இது என்ன புதுசா? அவர்கிட்ட போனது எது திரும்பி வந்திருக்கு," என்றார் கவுண்டர் அக்கா.

நான் இயக்குநர் அறைக்குப் போய், சார், தரைத்தளத்து வேலை அத்தனையும் உங்கள் மெஷினுக்கே வந்து நிற்கிறது என்றேன். முதலில் அவருக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அரைமணி நேரம் அருவி நகராமல் நின்றதும் முகம் மாறியது.

"எல்லாமே என்கிட்டயே வந்தா நான் எப்பய்யா வேலை பாக்குறது?"

தரைத்தளத்தில் கையால் எழுதிய நம்பர்கள் அனைத்தும் அன்று மாலையே ரத்து. பெரிய சகலை தன் கையால் ஒவ்வொன்றாக அழித்தார். அவர் அவ்வளவு சந்தோஷமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. தையல்காரர் இந்தமுறை பெட்டி படுக்கையோடு வந்திருந்தார். மகள் புது உடை போட்டிருந்தாள், அவரே தைத்ததாம், வெள்ளைச் சீருடை மாதிரியே காலர் வைத்து. கவுண்டர் மூடியபிறகும் அவர்கள் அங்கேயே நின்றதைத் தினமும் பார்த்திருக்கிறேன். அன்று மூன்று மணிக்கு அந்தப் பெண் என்னிடம் வந்தாள். அழவில்லை, குரல் மட்டும் கம்மியிருந்தது.

"அண்ணா, ஆகாதுன்னா இப்பவே சொல்லிருங்க. அப்பா கடையைப் பூட்டிட்டு அஞ்சு நாளா இங்க இருக்காரு."

 கோபம் வருகிற ஆளுக்கு அழுகையும் வரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். நேரே இரண்டாம் மாடிக்குப் போனேன். இந்தமுறை கவுண்டரைப் பற்றியோ வரிசையைப் பற்றியோ, அந்தப் பெண்ணைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. சார், உங்கள் பெட்டியில் ஒரு வரி எழுதினால் மேல்மாடிக்காரர் தன் இஷ்டத்துக்கு நம்பர் கொடுக்க முடியாமல் போய்விடும் என்றேன்.

சின்ன சகலை பேனாவைக் கீழே வைத்தார்.

"எப்படி?"

"கீழ்த்தளத்துக்கு அவர் குடுக்குற ஒவ்வொரு நம்பரும் உங்க பெட்டி வழியாத்தான் போகணும் சார். நீங்க விட்டாத்தான் உண்டு."

"அப்ப அந்த ஆளு நம்பர் குடுக்கணும்னா என் வாசல்ல வந்து நிக்கணும்."

"ஆமா சார். தினமும்."

அவர் எழுந்து, தன் கையாலேயே பெட்டி இருந்த அறையைத் திறந்துவிட்டார். நாற்பது வினாடி என்று சொல்லியிருந்தேன். அவசரத்தில் ஓர் எழுத்தைத் தப்பாகத் தட்டித் திருத்தியதால் ஒரு நிமிடம் ஆயிற்று.

கீழே ஓடிவந்தபோது மணி மூன்று ஐம்பது. மூன்று மெஷினுக்கும் நம்பர் வந்திருந்தது. கவுண்டர் அக்கா யாரையும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. 'ஆண்' போயிற்று, 'பெண்' வந்தது, அச்சுப்பெட்டி சூடான காகிதத்தை வெளியே தள்ளியது. முத்திரை குத்திக் கொடுத்தார். தையல்காரர் அதைக் கையில் வாங்கி, அந்த ஒரு சொல்லைத் தேடிப் படித்துவிட்டு, கழுத்திலிருந்த நாடாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.  வரிசையில் இருந்த இன்னும் நான்கு பேருக்குச் சான்று கொடுத்து முடிக்கவும் ஐந்து மணி அடித்தது. அப்பாவும் மகளும் பஸ்ஸைப் பிடித்துவிட்டார்கள். மறுநாள் பதினொரு மணிக்கு அவரிடமிருந்து போன் வந்தது. விடுதியில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்திருக்கிறதாம்.

இதோடு முடிந்திருந்தால் இதைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன்.

திங்கட்கிழமை பெரிய சகலை தன் மெஷினின் பதிவைப் பார்த்தார். மூன்று நம்பர்கள் அன்னாருடைய வாசல் வழியாக வெளியே போயிருந்தன. ஒரு மணி நேரத்தில் விசாரணை கூடியது. சின்ன சகலை, தனக்கு ஒன்றுமே தெரியாது, அறைக் கதவு காற்றில் திறந்திருக்கும் என்றார். எல்லார் பார்வையும் என் மேல் விழுந்தது. அந்த வருடத்து ஒப்பந்தக் காகிதம் இயக்குநரின் மேசையில் கையெழுத்துக்காகக் கிடந்தது, நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. எழுதியது நான்தான் என்று ஒத்துக்கொண்டேன்.

இயக்குநர் பெருந்தன்மையாகப் பேசினார். நம்பர் கிடைத்தது தப்பில்லை, முறையில்லாமல் கிடைத்ததுதான் தப்பு என்றார். அந்த வரி உடனே அழிக்கப்பட்டது. கவுண்டர்களை வாகனம் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்துக் கட்டிடத்துக்கு மாற்றி, புது மெஷின் வாங்கி வைப்பது என்று முடிவாயிற்று. பழைய மெஷின் மூன்றும் சாட்சியப் பொருள் என்பதால் இருந்த இடத்திலேயே இருக்கும். இவ்வளவுதானே என்று நான் மூச்சுவிட்டேன். அவர் முடிக்கவில்லை.

"அந்த நேரத்துல குடுத்த அஞ்சு சான்றும் செல்லாது. ரத்து பண்ணி அந்தந்த இடத்துக்குத் தகவல் அனுப்புங்க. திருத்தம் பண்றதுதான் நம்ம வேலை. தப்பான முறையில சரியா திருத்தியிருந்தா, அதையும் மறுபடி திருத்தணும்."

சார், அந்தப் பொண்ணு விடுதியில சேர்ந்துட்டா, அவ நிஜமாவே பொண்ணுதான் சார் என்று என்னையும் அறியாமல் சொல்லிவிட்டேன்.

"அது அவங்க வீட்டு விஷயம்," என்றார் இயக்குநர். "நாம பாக்குறது சான்றை."

 அந்த நேரத்தில் குறிப்பெடுப்பவர் விதிப்புத்தகத்தைப் பார்த்து ஒன்றைச் சொன்னார். ஒரு சான்றை ரத்து செய்வதானால், அதைக் கொடுத்த அதே மெஷினிலிருந்துதான் செய்ய வேண்டும். மற்ற மெஷினில் அந்தப் பக்கம் திறக்காது. அந்த மெஷினுக்கோ இப்போது நம்பர் இல்லை.

"அதுக்கென்ன, இவன்தான் நாப்பது வினாடில பண்ணுவானாமே," என்றார் சின்ன சகலை. "பண்ணச் சொல்லுங்க."

பெரிய சகலை தலையாட்டினார். பதினோரு வருடத்தில் அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். இயக்குநர் என்னைப் பார்த்து, ம், போய் எழுது என்று கையைக் காட்டினார்.

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். முகத்தை எவ்வளவு அப்பாவியாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு அப்பாவியாக வைத்துக்கொண்டேன்.

"சார், ஒரு தடவை அவசரப்பட்டுத் தப்பு பண்ணிட்டேன். இனிமே எல்லாம் முறைப்படிதான் சார். அந்த மெஷின்லேருந்து புகார் பதிவாகட்டும். புகார் வந்தா கமிட்டி கூடட்டும். ரெண்டு சாரும் ஒருத்தருக்கொருத்தர் எழுத்துபூர்வமா ஒப்புதல் குடுக்கட்டும். அடுத்த நிமிஷமே எழுதிர்றேன்."

 இயக்குநர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி, பார்த்தீர்களா, ஓர் ஒப்பந்த ஆளுக்கு இருக்கிற ஒழுங்கு என்று மெச்சினார். என் காகிதத்தை இழுத்து அங்கேயே கையெழுத்துப் போட்டார். வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் சொன்னேன். ஆபீஸ்லயும் காட்டக் கத்துக்கிட்டீங்களே என்றாள்.

பக்கத்துக் கட்டிடத்தில் புதுக் கவுண்டர் திறந்த அன்றே அதற்கு வேண்டிய வரியையும் எழுதிவிட்டேன். யாரும் கேட்கவில்லை, திறப்புவிழாவில் எல்லாரும் மும்முரமாக இருந்தார்கள். வரிசை இப்போது பதினொரு மணிக்குள் முடிந்துவிடுகிறது. பழைய மெஷின் மூன்றும் தரைத்தளத்தில் உறை போர்த்திக் கிடக்கின்றன. மாதம் ஒருமுறை ரத்துக் கமிட்டி கூடுகிறது. மாதம் ஒருமுறை நான் போய் அவற்றைப் போட்டுப் பார்த்து, புகார் இன்னும் பதிவாகவில்லை என்று அறிக்கை வாசிக்கிறேன். தேநீர் நன்றாக இருக்கும்.

அந்தப் பெண்ணுக்கு இது கடைசி வருடம். போன விடுமுறையில் வந்து அப்பாவுக்கு ரத்த அழுத்தம் பார்த்திருக்கிறாள், எனக்கும் பார்த்தாள், கோபத்தைக் குறைக்கச் சொன்னாள். இன்னும் எட்டு மாதத்தில் படிப்பு முடிந்து விடுதியைக் காலி செய்துவிடுவாள். அப்புறம் இவர்கள் என்ன வேண்டுமானாலும் ரத்து செய்துகொள்ளட்டும்.

நடுவில் ஒரே ஒரு கண்டம் வந்தது. போன மாதக் கூட்டத்தில் சகலைகள் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் தன் பேனாவைச் சின்னவருக்குக் கொடுத்தார். எனக்குத் திக்கென்றது. இவர்கள் ராசியாகிவிட்டால் ஒப்புதல் வர ஒரு நாள் போதும். கூட்டம் முடிந்ததும் நேராக இரண்டாம் மாடிக்குப் போனேன். சின்ன சகலை நல்ல மனநிலையில் இருந்தார். வாசலில் நின்றபடியே, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்குகிற மாதிரி தலையைச் சொறிந்துவிட்டுச் சொன்னேன்.

"ஒண்ணுமில்ல சார். நீங்க அந்தப் பக்கம் போனதும் பெரியவர் உங்க பெட்டியைப் பழைய தகரம்னு சொன்னார். மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு."

மறுநாள் காலை பத்து மணிக்கு முதல் 'அன்னார்' கடிதம் மேலே போயிற்று. மத்தியானத்துக்குள் பதிலும் வந்துவிட்டது.